மடையைத் திறப்பவர் யார்?

பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. காருக்கும் பிசானத்துக்கும் எந்தக் காலில் என்று தண்ணீர் விடுவது, தலைமடை எடுத்தது போகக் கடைமடைக்கு எவ்வளவு என்று தலைமுறை தலைமுறையாக முடிவெடுத்து வந்திருக்கிறார்கள். அந்த முடிவுகளை எடுத்தவர்களாக ஏடுகளில் இருப்பவர்கள் ஆண்கள்.

இப்படிப்பட்ட முடிவுகளை இன்று கணினிக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். அதில் வரும் 'முகவர்' ஒரு சிறு நிரல். தன்னைச் சுற்றி நடப்பதைப் பார்த்து, தனக்குக் கொடுத்த விதிப்படி தானே முடிவெடுக்கும். பல முகவர்களைச் சேர்த்து ஓடவிட்டால் ஒரு சமூகம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கலாம்.

பாசனத்தில் இதற்குப் புகழ்பெற்ற சான்று பாலித் தீவு. 1970களின் பசுமைப் புரட்சி, முடிந்தபோதெல்லாம் நெல் நடச் சொன்னது. பூச்சியும் தண்ணீர்த் தகராறும் பெருகின. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 'சுபக்' எனும் பாசனக் குழுக்களை மாதிரியாக்கினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் பூச்சி குறையும், ஆனால் தண்ணீர் போதாது. ஒவ்வொரு சுபக்கும் தன்னைவிட அதிகம் விளைவித்த அண்டைக் குழுவின் பயிர்முறையைப் பின்பற்றியது. விளைச்சல் கூடியது, நீர்க் கோயில்கள் காலங்காலமாகக் கடைப்பிடித்த ஒழுங்கை ஒத்த ஒன்று, மேலிருந்து உத்தரவிடுவார் யாருமின்றித் தானே உருவானது.

உழவரின் அறிவுக்கு மதிப்பளித்த ஆய்வு அது. ஆனாலும் அதில் முடிவெடுத்தது குழு. கணக்கில் வந்தவை நீரும் பூச்சியும். நாற்று நட்ட கைகள் அந்தக் கணக்கில் இல்லை.

தாமிரபரணிக்கு இப்படி ஒரு மாதிரி செய்தால் யாரை முகவராக்குவோம்? கையில் கிடைப்பது பட்டாதான். தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது 1989இல். அதுவும் அப்போது மணமாகாதவர்களுக்கு மட்டும். நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. இடையில், 2000ஆம் ஆண்டில், பாசனத்தை விவசாயிகளிடமே ஒப்படைக்க மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. நிலமுள்ளவர்தான் அந்தச் சங்கங்களின் உறுப்பினர். பட்டாவில் பெயரில்லாதவள் சங்கத்தில் இல்லை. சங்கத்தில் இல்லாதவள் மாதிரியிலும் இருக்க மாட்டாள்.

வயக்காட்டில் அவள் இருக்கிறாள். நட்ட அன்று தண்ணீர் கூடினால் நாற்று மிதக்கும் என்பது குனிந்து நட்டவளுக்குத் தெரியும். தண்ணீர் பிந்தினால் நாற்று முற்றும். அவளுக்குக் கூலிநாள் போகும். எல்லா வயலும் ஒரே வாரத்தில் நடவு கேட்கும்போது, ஆள் சேர்த்து வருபவள் இன்று யார் வயல், நாளை யார் வயல் என்று முடிவு செய்கிறாள். நீரையும் பூச்சியையும் போல விளைச்சலைத் தீர்மானிக்கிற முடிவுதான் அதுவும். 'கூலியாள்' என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

யாரை முகவராக எழுதுகிறோமோ அவருக்கே முடிவெடுக்கத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறோம். பழைய ஏட்டில் விடுபட்டவள் கணினியிலும் விடுபட்டால், விடுபட்டதே தெரியாமல் போகும். அங்கே வருவது எண்கள், எண்களோடு வழக்காடுவோர் குறைவு. ஆகவே இந்த ஆற்றுக்கு மாதிரி எழுத வருகிறவர் பட்டாவோடு நடவுக் கூலிக் கணக்கையும் கேட்டு வாங்கட்டும்.