வீடு முதலா, பள்ளி முதலா?
கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

பெரிய நகருக்குக் குடிபெயரும் குடும்பம் எதுவாயினும் அதன் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எங்கே வீடு பார்ப்பது? பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இவ்விரண்டும் பெற்றோர் தாமே ஆராய்ந்து முடிவு செய்யத்தக்கவை என்று இன்று நாம் எண்ணுகிறோம். ஆனால், கோலாலம்பூரில் தமிழர் குடியேறிய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், அங்கு வந்து சேர்ந்த குடும்பங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இவ்வினாக்களுக்கான விடையைப் பிறரே எழுதி வைத்திருந்தனர் என்பது புலனாகும். வேலை கொடுத்தவர் வீடு கொடுத்தார். அவ்வீடு நின்ற இடமே பள்ளியை முடிவு செய்தது. அப்பள்ளியோ பிள்ளையின் பிற்கால வாழ்வை முடிவு செய்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலிருந்த தூரம், சில குடும்பங்களுக்கு மூன்று தலைமுறையின் ஏற்றத்தாழ்வாக முடிந்தது என்று கூறினும் மிகையாகாது.

1857ஆம் ஆண்டில் இராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்திறங்கியதிலிருந்து இந்நகரின் வரலாறு தொடங்குகிறது. 1880இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அலுவலகம் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டிலேயே தீ விபத்தொன்று அத்தாப்புக் குடிசைகளைச் சாம்பலாக்கிற்று. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டிடங்கள் எழ வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அதற்குச் செங்கல் சுட்டுத் தந்த சூளைகள் நகருக்குத் தெற்கே இருந்தன. அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்த இருப்புப்பாதையே தமிழரையும் இந்நகரில் பெருமளவில் கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும் அது எல்லாத் தமிழரையும் ஒரே இடத்தில் இறக்கிவிடவில்லை. நம் கட்டுரையின் கரு இங்குதான் இருக்கிறது.

இரயில்வே அலுவலகங்களில் கிராணிகளாகவும் நிலைய அதிபர்களாகவும் பணிபுரிய ஆங்கிலம் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற தமிழர் அப்பணிகளுக்கு வந்தனர். அவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸைத் தாமாகத் தேடிப் போனவர் சிலரே. இலாகா அவர்களை அங்கே குடிவைத்தது. ஆனால் அந்த இடம் எத்தகைய இடமாக அமைந்தது என்று பாருங்கள்! 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா கழகம் அப்போது ஹை ஸ்திரீட்டில், ஆற்றோரமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் சிறுவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். (அப்பள்ளியை நிறுவிய பெரியோருள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பத்துமலைக்கு அவர் செய்ததை நினைவு வைத்திருக்கும் நம்மவர், பள்ளிக்குச் செய்ததை மறந்துவிடுகிறோம்.) மெதடிஸ்த ஆண்கள் பள்ளி 1897இலும், புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும், செயின்ட் ஜான்ஸ் 1904இலும் தோன்றின. மெதடிஸ்த பெண்கள் பள்ளியோ 1896இல் பிரிக்பீல்ட்ஸிலேயே தொடங்கிற்று. 1902இல் கந்தசுவாமி கோயிலும், 1904இல் விவேகானந்தா ஆசிரமமும் எழுந்தன. ஆசிரமத்தார் 1914இல் தமிழ்ப்பள்ளி ஒன்றையும் தொடங்கினர். கோயில், பள்ளி, இரயில் நிலையம் ஆகிய மூன்றும் ஒரு சிறுவனின் நடைக்குள் அடங்கியிருந்தன. அக்குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைகளுட் பலர் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஆனார்கள் என்றால், அதற்கு அவர்தம் உழைப்பு ஒரு காரணம். நடந்து போகும் தூரம் மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

நகருக்கு வடக்கே செந்தூலில் 1905ஆம் ஆண்டையொட்டி இரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். பிட்டர், கொதிகலன் வேலையாள், வண்ணம் பூசுபவர், கூலியாள் என்று பல படிகள் இருந்தன. தமிழகத்திலிருந்து வந்தவர்களே பெரும்பகுதியினர். இவர்களுக்கும் வீடு கிடைத்தது. ஆனால் அது வேறு வகை வீடு. வரிசையாகக் கட்டிய லயங்களில் ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. செந்தூலிலும் மெதடிஸ்த சபையார் ஆங்கிலப் பள்ளி நடத்தினர். ஆயினும் ஆங்கிலப் பள்ளிக்கு மாதச் சம்பளம் கட்ட வேண்டும். மூத்தவனுக்குக் கட்டினால் இளையவனுக்கு இல்லை. பெண்ணுக்கு என்ற பேச்சே இல்லை. ஆகவே பலருக்குத் தமிழ்ப்பள்ளியும், அதன்பின் தகப்பனார் வேலை செய்த அதே பட்டறையுமே வழியாயிற்று. செந்தூலிலிருந்து கற்றோர் தோன்றவில்லை என்று நான் சொல்லவில்லை. தோன்றினர், நல்ல தொழிற்சங்கத் தலைவர்களும் தோன்றினர். ஒரே இரயில்வேயில் வேலை செய்து ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாருக்கு, இலாகா ஒதுக்கிய தெருவே இருவேறு ஊழாக அமைந்தது என்பதையே சுட்டுகிறேன்.

இனித் தோட்டப்புறத்துக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. லயத்துக் கோடியிலோ பெரட்டுக் களத்தின் ஓரத்திலோ ஒரு கொட்டகை எழுந்தது. ஆசிரியர் சில இடங்களில் கிராணியாகவும் இருந்தார். குறைகள் எண்ணற்றவை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: பள்ளி வீட்டுக்கு அருகில் இருந்தது. பிள்ளை எழுந்து முகம் கழுவி ஓடினால் மணியடிக்கு முன் சேர்ந்துவிடும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையும் இருந்தது. தொடக்கப்பள்ளிக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பதே தோட்டத்தின் பெருங்குறை. 1957இல் இந்நாட்டில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவை யாவும் தொடக்கப்பள்ளிகளே எனலாம்.

அந்த ஆண்டுகளில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் புறப்பட்டன; வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றனர். பேராசிரியர் உங்கு அசிஸ் இதனை விரிவாக ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இத்துன்பத்தைக் கண்டே. அதன் மேல் 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியவராயினர். பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். இங்கேயே நின்றவர்களுட் பலர் கோலாலம்பூரை நோக்கி நடந்தனர்.

அவர்களுக்கு வீடு கொடுக்க இம்முறை இலாகாவும் இல்லை, துரையும் இல்லை. அதனால் அவர்களே இடம் தேர்ந்தனர். ஆற்றோரம், இரயில் பாதையோரம், கைவிட்ட ஈயக்குட்டை ஓரம் ஆகிய இவையே கிடைத்த இடங்கள். கம்போங் பாண்டான், கிரிஞ்சி, காசிப்பிள்ளை, செந்தூலைச் சூழ்ந்த கம்பங்கள் என்று பலகை வீடுகள் பெருகின. புறம்போக்கு வாசிகள் என்று அரசாங்கத் தாள்கள் அவர்களைக் குறித்தன. எந்த அளவுகோல் கொண்டு அவர்கள் இடம் பார்த்தார்கள்? முதலாவது, முன்னே போன மாமனோ சித்தப்பாவோ எங்கே இருக்கிறார் என்பது. இரண்டாவது, நாள் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும் இடம். மூன்றாவது, குழாய்த் தண்ணீர். பள்ளி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தது. இதற்காக அவர்களைக் குறை சொல்வது அறியாமை. உறவினர் பக்கத்தில் இல்லாவிட்டால் கடன் கொடுக்கவும் ஆளில்லை, பிள்ளையைப் பார்க்கவும் ஆளில்லை.

ஆயினும் விளைவை நோக்க வேண்டும். எங்கள் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் சில எஞ்சியுள்ளன. 1960, 70ஆம் ஆண்டுகளில் விலகிய மாணவர் பெயருக்கு நேரே, "குடும்பம் கோலாலம்பூர் சென்றது" என்று அக்காலத் தலைமையாசிரியர் அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கிறார். நகரத்துப் பள்ளி ஏதேனும் அப்பிள்ளைக்கு விலகற் சான்றிதழ் கேட்டு எழுதியிருந்தால், அதனையும் பக்கத்திலேயே சிவப்பு மையில் குறித்திருக்கிறார். சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மை இல்லை. அவற்றுட் பல பெண்பிள்ளைகளின் பெயர்கள். ஆயாக் கொட்டகை இல்லாத ஊரில் தாய் வேலைக்குப் போனால், தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள அக்காள் வீட்டில் நிற்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமையும் சில பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே தடுத்தது. தோட்டத்தில் எல்லாரும் அறிந்த பிள்ளை, நகரத்தில் தாள் இல்லாத பிள்ளையாயிற்று.

சேர்ந்த பிள்ளைகளுக்கும் இடர் இருந்தது. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1965 முதல் தேர்வில் வடிகட்டாமல் எல்லாரையும் மூன்றாம் படிவம் வரை படிக்க விட்டனர். இவை பெரும் நன்மைகள். ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை நேரே முதற் படிவம் செல்ல இயலாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயில வேண்டும். கம்பத்துக்கு அருகே தமிழ்ப்பள்ளி இருந்தாலும், புகுமுக வகுப்புள்ள இடைநிலைப்பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருப்பதுண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயது, புதிய மொழி, கையில் பஸ் காசு இல்லாத நாட்கள். பிள்ளைகள் படிப்பை நிறுத்திய இடம் பெரும்பாலும் இதுவே. தமிழ்ப்பள்ளியா, ஆங்கிலப்பள்ளியா, மலாய்ப்பள்ளியா என்று நம் மேடைகளில் நடந்த வாதங்களுக்கு அளவில்லை. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளே முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. எந்த மொழிப் பள்ளி என்று வாதித்த அளவுக்கு, இடைநிலைப்பள்ளி எத்தனை மைல் என்று எவரும் வாதிக்கவில்லை.

மற்றொரு கூட்டத்தார் நகருக்குப் போகவேயில்லை; நகரம் அவர்களிடம் வந்தது. எபிங்ஹாம் தோட்டம் 1950ஆம் ஆண்டுகளில் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. பங்சார் தோட்டம் செல்வர் குடியிருப்பாயிற்று. 1970ஆம் ஆண்டுகளில் சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. 1990ஆம் ஆண்டுகளில் பிராங் புசார் முதலிய தோட்டங்களின்மேல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த பால்மரத் தொழிலாளர் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயினர். 1970இல் இந்நாட்டு இந்தியரில் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பேர் நகரவாசிகள். 2000இல் ஏறக்குறைய 80 பேர். முப்பதே ஆண்டுகளில் ஒரு சமூகமே முகவரி மாற்றிக்கொண்டது! அதனோடு பள்ளிகள் மாறவில்லை. தோட்டத்தில் பிள்ளை இல்லாத பள்ளி நின்றது. தாமானில் பள்ளி இல்லாத பிள்ளை நின்றது. சில பள்ளிகளைப் பெயரோடு பெயர்த்துத் தாமான்களுக்குக் கொண்டுபோயினர். அது நல்ல செயல், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் மனு எழுத வேண்டியிருந்தது. கோலாலம்பூரிலேயே எடின்பரோ தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சுற்றிலும் நெடுஞ்சாலையும் மாடிவீடும். ஒரு பால்மரம் கண்ணிற் படாது.

பிரிக்பீல்ட்ஸும் பழைய பிரிக்பீல்ட்ஸ் அன்று. இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த வெளியில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நூறு குவார்ட்டர்ஸ் என வழங்கிய வீட்டு வரிசையும் இடிக்கப்பட்டுவிட்டது. குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்விட்டன. நகர நடுவிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு இப்போது பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். நாடு முழுதும் சுமார் 530 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பவை 15.

இன்றும் ஆண்டு முடிவில் சில பெற்றோர் மாற்றுத் தாளுக்காக என்னிடம் வருகிறார்கள். தோட்டம் முன்போல் இல்லை, மூத்தவனுக்கு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, நாங்களும் போகிறோம் என்பார்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். "சார், எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்று கடைசியில் கேட்பார்கள். பார்த்த வீடு எந்தப் பகுதி என்று நான் கேட்பேன். அங்கிருந்து தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்பதற்குப் பெரும்பாலோர் விடை வைத்திருக்கிறார்கள், இது முன்னேற்றமே. ஆறாம் வகுப்புக்குப் பின் பிள்ளை போகவேண்டிய இடைநிலைப்பள்ளி எது, வேன்காரர் வராத நாளில் பிள்ளை தானே போய்வர வழியுண்டா என்று கேட்டால் விழிக்கிறார்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லையென்றால், ஒரு சனிக்கிழமை அங்கே போய் அந்தத் தூரத்தைப் பிள்ளையோடு நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன்.