பரங்கி அலகும் தஞ்சாவூர்ப் பிடியும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. கட்டாரி என்னும் குத்துக்கத்தியை வாளைப் பிடிப்பதுபோலப் பிடிக்க முடியாது. முன்கையை ஒட்டி இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குக் கம்பிகள். கம்பியைப் பற்றிக் கையை மடக்கினால் அலகு முஷ்டிக்கு நேர் முன்னே நிற்கும். குத்துவிடுகிற வேகத்திலேயே இறங்கும். தென்னாட்டுக் கட்டாரியில் புறங்கையைக் காக்க ஓர் இரும்பு மூடியும் உண்டு, படமெடுத்த நாகம்போல வளைந்து. அதில் கொடிவேலையும் யாளி முகமும் செதுக்கியிருப்பார்கள். சண்டைக் கத்திக்கு இவ்வளவு அலங்காரமா என்று தோன்றும். அந்த அலங்காரம்தான் பின்னாளில் அதைக் காப்பாற்றியது.

பிடி இங்கே செய்தது. அலகு, பல கட்டாரிகளில், ஐரோப்பாவில் அடித்தது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1620இல் ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கிய டேனிஷ்காரர்கள், கடற்கரை முழுக்கப் பரங்கிக் கப்பல்கள். நீள வாளின் அலகைக் குறைத்து, பிடியிலிருந்து நீளும் தகடுகளுக்கு நடுவே செருகி, ஆணி அறைந்துவிடுவார் நம் கொல்லர். அலகில் ஓடும் பள்ளக்கோடு அது வாளாக இருந்த காலத்து மிச்சம்.

நாயக்கர் போய் மராட்டியர் வந்தார்கள். துப்பாக்கியும் பெருகியது. கட்டாரி அரண்மனை ஆயுதசாலைக்குள் ஒதுங்கியது. 1855இல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கும்பனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1859இல் தோற்றது. ஆயுதசாலையைப் பிரித்த கதையை மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்ஹவுஸ் 1878இல் இந்தியன் ஆன்டிக்வரி இதழில் எழுதினார். பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய இரும்பாயிற்று. பொறுக்கியவர் கண்ணில் யாளி பட்டிருக்கும். சாதாரணச் சிப்பாயின் மொட்டைப் பிடி பட்டிருக்காது.

ஆயுதங்கள் இப்படிச் சுவடில்லாமல் போவது எங்கள் திருநாவலூர்ப் பக்கத்துக்குப் புதிதில்லை. பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் வருஷக்கணக்காகப் படையோடு தங்கியிருந்தான். ஊருக்கு ராஜாதித்தபுரம் என்றே பெயர் விழுந்தது. சேர நாட்டு வீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் மாண்டான். கல்வெட்டு இருக்கிறது, கோயில் இருக்கிறது. அந்தப் படையின் கத்தி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. திருக்கோவலூரில் முத்தநாதன் சுவடிக்கட்டுக்குள் ஒளித்துவந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்திய கத்தியும் பெரியபுராணத்தில்தான் இருக்கிறது. இரும்பைத் துரு தின்னும், இல்லாவிட்டால் கொல்லர் கொழுவாக அடித்துவிடுவார். அதில் தப்பில்லை.

உடைபடாமல் தப்பிய தஞ்சாவூர் ஆயுதங்கள் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தன. அமெரிக்காவில் அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன். தொழிலால் உலோகப் பொறியாளர். 1934இல் உலக ஆயுதங்களுக்கெல்லாம் ஓர் அகராதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறந்தார். அவருடைய சேகரிப்பு உயில்படி மெட்ரோபாலிட்டனுக்குப் போனது, தஞ்சாவூர்க் கட்டாரிகளும் அதோடு.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு ஏலக்கூடங்களிலோ ‘தஞ்சாவூர்’ என்பதே ஒரு விலைச்சீட்டு ஆகிவிட்டது. மூல ஆயுதசாலையின் மிச்சத்தைப் பார்க்க எழும்பூரில் இருக்கும் சென்னை அருங்காட்சியகம் போதும். எங்கள் பக்கத்திலிருந்து போக உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறலாம்.