மாவோவும் பக்கத்து வீட்டுப் பகையாளியும்

1972 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் நிக்சன் பீஜிங்கில் போய் இறங்கினார். இதைப் பத்தி எழுதறவங்க முக்காவாசிப் பேர் நிக்சனையும் கிஸிங்கரையும்தான் ஹீரோ ஆக்குவாங்க. எனக்கென்னவோ அந்தக் கதையில பாதிக்கு மேல மாவோ எழுதினதுன்னுதான் தோணுது. அதுவும் அமெரிக்கா மேல வந்த பாசத்தால இல்லீங்க, ரஷ்யா மேல இருந்த கடுப்பால.

கடுப்பு பழசு. 1949 டிசம்பரில் மாஸ்கோ போன மாவோவை, ஒப்பந்தப் பேச்சைத் தொடங்காமலே வாரக்கணக்கில் காக்க வைத்தார் ஸ்டாலின். 1958-ல் ரெண்டு நாடும் சேர்ந்து ஒரு நீர்மூழ்கிக் கப்பற்படை வெச்சுக்கலாம்னு மாஸ்கோவிலிருந்து ஒரு யோசனை வந்தது. என் கடற்கரையை உன் கையில கொடுக்கணுமான்னு மாவோ கொதித்துப் போனார். சமாதானம் பேச குருஷேவே பறந்து வந்தார். மாவோ பேசக் கூப்பிட்ட இடம் நீச்சல் குளம்! சரியா நீந்த வராத குருஷேவ் மிதவையோடு தத்தளிக்க, மாவோ சாவகாசமாக நீந்திக்கொண்டே அரசியல் பேசினார். :-)

1960-ல் ரஷ்யா தன் நிபுணர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திடீர்னு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. போனவங்க வரைபடங்களையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. (பாதி ப்ராஜெக்ட்ல டாக்குமெண்ட்டோட ஆள் காணாமப் போனா என்ன ஆகும்னு நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்களுக்குச் சொல்லணுமா என்ன!)

1968-ல் சோஷலிசத்தைக் காப்பாத்தறோம்னு சொல்லி செக்கோஸ்லோவாகியாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தன. நாளைக்கு இதே காரணத்தைச் சொல்லி இங்கேயும் வரமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? 1969 மார்ச்சில் உசூரி ஆற்றில் இருக்கும் ஒரு குட்டித் தீவுக்காக ரெண்டு நாட்டுச் சிப்பாய்களும் சுட்டுக்கொண்டு செத்தார்கள்.

அதே வருஷம் நாலு மார்ஷல்களை உட்கார வைத்து உலக நிலவரத்தை அலசச் சொன்னார் மாவோ. ரஷ்யாதான் பெரிய ஆபத்து, ஆனா உடனே படையெடுத்து வரமாட்டான்னு அவங்க சொன்னாங்க. அமெரிக்காவோட மேல்மட்டத்திலேயே பேசிப் பார்க்கலாம்னு அதில் ஒருத்தரான சென் யீ தனியாகவும் சொல்லிவைத்தார். மாவோ கடைசியில் பிடித்துக்கொண்டது இந்த யோசனையைத்தான். தூரத்து எதிரியோட கைகுலுக்கலாம், எல்லையில நிக்கறவனை என்ன பண்றது?

1971 ஏப்ரலில் அமெரிக்க டேபிள் டென்னிஸ் அணியைக் கூப்பிட வேண்டாம்னு வெளியுறவு அமைச்சகம் முடிவு செய்து அனுப்ப, மாவோவும் முதலில் சரின்னுட்டார். அப்புறம் ராத்திரி தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு, பாதி மயக்கத்தில் கூப்பிடுங்கன்னு நர்ஸ்கிட்ட சொன்னாராம். ஜூலையில் கிஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக பீஜிங் போனார்.

இந்தப் பாகிஸ்தான் வழிதான் எனக்கு உறுத்துது. அதே 1971 மார்ச் 25 ராத்திரி கிழக்குப் பாகிஸ்தானில் யாஹ்யா கானின் ராணுவம் கொலைவெறியைத் தொடங்கியிருந்தது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், நம்ம அரசாங்கம் வாயை மூடிக்கிட்டு இருக்குன்னு வாஷிங்டனுக்கே கண்டனத் தந்தி அடித்தார். பதிலுக்கு அவர் பதவிதான் போச்சு. பீஜிங்குக்குத் தூது போயிட்டிருந்த யாஹ்யாவை நிக்சன் எப்படிக் கண்டிப்பார்? கிஸிங்கர் போய்வந்த அடுத்த மாசம், ஆகஸ்ட் 9-ல், இந்தியா ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது. மாவோவைப் பொறுத்தவரை இந்தியாவும் எதிரிக் கூட்டணியில் சேர்ந்தாச்சு, அதன் உதவியால் பிறந்த பங்களாதேஷும் அந்தக் கணக்கில்தான்.

புரட்சி, ஒடுக்கப்பட்ட மக்கள்னு பேசின சீனா, பங்களாதேஷ் ஐ.நா.வில் சேரக் கேட்டபோது 1972 ஆகஸ்டில் வீட்டோ போட்டுத் தடுத்தது. அந்த நாட்டை அங்கீகரித்ததே 1975 ஆகஸ்ட் 31-ல்தான், முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டு ரெண்டு வாரம் கழித்து.