பெயரும் விளியும்

பெயர்களுக்கு அர்த்தம் தேடுவது சுலபமான காரியம். அகராதியும் கொஞ்சம் பிறமொழிப் பரிச்சயமும் போதும். ஆனால் அர்த்தம் தெரிந்துவிட்டதாலேயே ஒரு பெயரின் சரித்திரம் பிடிபட்டுவிடுவதில்லை. நாமக்கல் பக்கத்து வங்கிக் கிளையொன்றில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு கிழவர்கள்.

ஒருவர் குப்புசாமி, மற்றவர் குப்பன். இரு பெயர்களும் ஒரே வழக்கத்திலிருந்து பிறந்தவை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பை என்றே பெயரிடுவார்கள். மட்டமான பொருளை எமன் சீந்தமாட்டான் என்று நம்பிக்கை. பிச்சையும் அப்படி வந்த பெயர்தான். இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் உரியதல்ல. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அத்தகைய பிள்ளைக்குக் கொசொக்கோ என்று பெயர் வைப்பார்கள். குழிவெட்ட மண்வெட்டி இல்லை என்று பொருள். மங்கோலியரிடம் நெர்குய் என்றொரு பெயர் உண்டு. 'பெயரில்லை' என்பதுதான் அதன் பொருள். பயம் எங்கும் ஒன்றுதான்.

ஆனால் குப்புசாமிக்கும் குப்பனுக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த அர்த்தம் விளக்காது. குப்புசாமி பண்ணாடி, குப்பன் அவர் காட்டில் ஆள்வேலை பார்த்தவர், ஊருக்கு வெளியே வளவில் இருப்பவர். விளிக்கும்போது குப்பன் 'குப்பா' ஆகிவிடுகிறார். பண்ணாடி வீட்டுச் சிறுவன்கூட அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். குப்புசாமியை எப்படிக் கூப்பிட்டாலும் சாமி உதிர்வதில்லை. சூத்திரனின் பெயர் இகழ்ச்சியைக் காட்ட வேண்டும் என்கிறது மனு. மனுவின் கணக்கில் குப்புசாமியும் சூத்திரர்தான். தன் பங்கு இகழ்ச்சியை அவர் வளவுக்குத் தள்ளிவிட்டார்.

இந்த 'அன்' எப்போதும் தாழ்ந்திருக்கவில்லை. பரமத்தி வேலூருக்கு எதிர்க்கரையில், புகழூர் ஆறுநாட்டார்மலையில், சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்ததைச் சொல்லும் சேரர் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,800 ஆண்டு பழையது. அதில் அரசன் பெயர் ஆதன். 'கோ' என்ற மரியாதை உண்டு, ஆனால் அது பெயருக்கு முன்னால் நிற்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தோண்டியெடுத்த பானை ஓடுகளிலும் ஆதன், கண்ணன் என்றே கீறியிருக்கிறது. அரசனுக்கும் பானைக்குரியவனுக்கும் ஒரே விகுதி.

1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆட்களும் மாற்றிக்கொண்ட காலம் அது. நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். சாமி போய் 'அன்' கௌரவத்துடன் திரும்பியது. ஆனால் திரும்பியது பாண்டியனின் 'அன்'. குப்பனின் 'அன்' இருந்த இடத்திலேயே இருந்தது.

சென்ற மாதம் நான் கிழவரைக் 'குப்பன்' என்று உரக்கக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற ஒருவர், கிழவரைவிட முப்பது வயதாவது இளையவர், திரும்பி, "டேய் குப்பா, உன்னத்தான்" என்றார். கணக்கில் இருந்த பெயரைத்தான் நான் படித்தேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கிழவர் பேரனுக்குக் கணக்குத் தொடங்க வந்திருந்தார். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன். இவன் தாங்கவில்லை. இவன் பெயர் யோகேஷ். குப்புசாமியின் பேரன் பெயர் ஹரிஷ்.

நண்பர்கள் கூடும்போது இந்த 'ஷ்' பெயர்களை நான் கேலி செய்ததுண்டு. வேரற்றவை, வைத்தவருக்கே பொருள் தெரியாதவை என்று. அன்றைக்குப் படிவத்தை நிரப்பும்போது கேலி வரவில்லை. யோகேஷ் என்று கூப்பிட்டால் எதுவும் உதிர்வதில்லை. ஊரா, வளவா என்று அந்த ஓசையிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. கிழவரிடம் பேரன் பெயருக்கு அர்த்தம் கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.