அடுக்களை விளக்கின் இடம்

அரசர்களின் வரலாற்றை நாம் விரும்பிப் படிக்கிறோம். அடுக்களை விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. விளக்கு மாறிய கதை பலர் அறிந்ததே; அது நின்ற இடம் மாறிய கதையையே இன்று நான் சொல்ல விழைகின்றேன்.

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்தில் என் பாட்டியாரின் மண்சுவர் வீடு இருந்தது. அடுப்பருகே சுவரில் ஒரு மாடக்குழி. அதில் ஓர் அகல். பாட்டியார் தரையில் அமர்ந்து, அரிவாள்மணையில் காய் நறுக்குவார். விளக்கு சிறிதுதான், ஆயினும் அவர் கைக்கு எதிரே இருந்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. அடுப்பும் சுவரோரத்து மேடையில் ஏறிற்று. குண்டு விளக்கோ அறையின் நடுவே, கூரையிலிருந்து தொங்கிற்று. ஒளி பெருகிற்று, ஆனால் நின்று சமைப்பவரின் முதுகுப்புறம் போயிற்று! மேடைக்கு மேலே அலமாரிகள் வந்தபின் நிழல் மேலும் அடர்ந்தது. 60 வாட் விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே, என் அன்னையார் தம் நிழலில் கீரை அரிந்து, விரலையும் அரிந்துகொண்டார்.

அந்த விளக்கை அலமாரியின் அடியில் வைக்க முடியாதா? அதன் சூடும் பருமனும் இடம் தரவில்லை. 1962-இல் நிக் ஹோலோனியாக் செந்நிற எல்.இ.டி.யை ஆக்கினார். வெண்ணிற ஒளிக்கு நீல ஒளி தேவைப்பட்டது. அதனைத் தந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் புதுச்சேரி வீடுகளுக்கு எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பெற்றன, 2015-இல் அத்திட்டம் நாடெங்கும் பரவிற்று. முன்பு 60 வாட் கொடுத்த ஒளியை ஏறக்குறைய 9 வாட்டே கொடுத்தது.

விரல் பருமன்கூட இல்லாத எல்.இ.டி. பட்டையை இன்று அலமாரியின் அடியில் ஒட்டலாம். சுவரோரமாக ஒட்டினால் சுவர்தான் ஒளிரும். முன்விளிம்பை ஒட்டி, சிறு மறைப்புக்குப் பின்னே பொருத்தினால், கண் கூசாமல் மேடை முழுதும் ஒளி படும். நிறங்களை உள்ளவாறு காட்டும் பட்டையே கீரையின் பழுப்பையும் அரிசியின் கல்லையும் காட்டிக்கொடுக்கும். சூடு தணிய அலுமினியத் தகடும், உப்புக்காற்றும் நீராவியும் புகாத மேலுறையும் வேண்டும்.

அன்னையாரின் மேடைக்கு மேல் அவ்வாறே பொருத்தினேன். அவர் கையை விரித்துப் பார்த்து, "பாட்டி வீட்டு மாடக்குழி திரும்பி வந்துவிட்டதப்பா" என்றார். ஒளியைப் பெருக்குவது ஓர் அறிவு. உழைக்கும் கைக்கு எதிரே அதனை வைப்பது மற்றோர் அறிவு. பின்னதைப் பாட்டியார் முன்பே அறிந்திருந்தார்.