றக்பி ஆட்டத்தின் கிளைகள்

உதைபந்தாட்டம் என்னும் ஒரே பெயரை வெவ்வேறு ஆட்டங்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் றக்பியும், அமெரிக்கரும் கனடியரும் ஆடும் கிறிடயன் உதைபந்தாட்டமும் இங்கிலாந்திலுள்ள றக்பிப் பாடசாலையின் ஆட்டத்திலிருந்து கிளைத்தவை. அவை பிரிந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

1823ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் விதியை மீறிப் பந்தைக் கையிலேந்தி ஓடினான் என்றும், அன்றே றக்பி பிறந்தது என்றும் கூறுவர். இச்செய்தி எழுத்தில் வந்ததோ 1876இலேயாம். எல்லிஸ் 1872இலேயே இறந்துவிட்டார். ஆதலின் இதனைக் கர்ணபரம்பரைக் கதையாகக் கொள்வதே பொருந்தும். 1845இல் அப்பாடசாலை மாணவர் தம் ஆட்டவிதிகளை எழுதிவைத்தமையே உறுதியான செய்தியாகும். 1871இல் கழகங்கள் பல ஒன்றுகூடி றக்பி யூனியனை நிறுவின.

அடுத்து நேர்ந்த பிளவுக்குக் காரணம் கூலியே. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர், ஆட்டத்தின் பொருட்டு வேலையை விட்டால் அந்நேரத்துக்குரிய ஊதியத்தை இழந்தனர். அவ்விழப்புக்கு ஈடு வழங்கவேண்டுமென்ற பிரேரணையை 1893இல் யூனியன் நிராகரித்தது. பொருள் பெறாது ஆடுதலே பெருமை என்பது அதன் கொள்கை. வசதியுடையோர்க்கு அது எளிது. கூலியாளுக்கோ அஃது உணவை இழத்தலாகும். 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் அமைத்து, நாளொன்றுக்கு ஆறு சிலிங் ஈட்டுத்தொகையை அனுமதித்தன. பார்வையாளரின் கட்டணமே அவற்றுக்கு ஆதாரமாதலின் ஆட்டத்தை விரைவுபடுத்த முனைந்து, 1906இல் வீரர் தொகையை 15இலிருந்து 13ஆகக் குறைத்தன. றக்பி லீக் எனப்படுவது இதுவே.

அமெரிக்காவில் வேறொரு கிளை தோன்றியது. 1874 மே மாதத்தில் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் ஹார்வார்ட் மாணவரோடு ஆடினர். ஹார்வார்ட் மாணவர் றக்பி விதிகளை விரும்பி ஏற்றனர். 1880இல் வால்டர் காம்ப் என்பவரின் முயற்சியால் வீரர் 11 பேராயினர்; பந்து ஒரு கட்சியின் உடைமையாயிற்று. பந்தை உடையோர் முன்னேறாது காலங்கடத்தவே, மூன்று முயற்சிகளில் ஐந்து யார் முன்னேறவேண்டுமென 1882இல் விதி செய்தனர். அதனை அளக்கக் கீறிய கோடுகளால் மைதானம் இறைச்சி வாட்டும் இரும்புச் சட்டம் போலத் தோன்றியமையாற் கிறிடயன் என்னும் பெயர் வந்தது. 1905இல் மரணங்கள் மிகவே, சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. றக்பியின் இரு வகைகளிலும் அஃது இன்றும் குற்றமாகும். கனடியர் 12 வீரரோடும் மூன்று முயற்சிகளோடும் தமக்கென ஒரு வகையை வளர்த்தனர்.

1995 ஆகஸ்டில் றக்பி யூனியனும் ஊதியம் பெறும் வீரரை ஏற்றது. ஆறு சிலிங்கை மறுத்து எழுந்த பிணக்கு இவ்வாறு தீர நூறாண்டுகள் சென்றன. ஆயினும் அதற்குள் இரண்டும் வெவ்வேறு ஆட்டங்களாகிவிட்டமையால் அவை மீண்டும் ஒன்றாகவில்லை. விளையாட்டின் விதிகளும் சமுதாய வரலாற்றின் ஏடுகளே என்பதற்கு இஃதொரு தக்க சான்றாகும்.