ரூப்சா ஆற்றில் இரு மாலுமிகள்: 1971ஆம் ஆண்டுப் போரும் வீர விருதுகளும்

உள்நாட்டுப் போரில் ஒருவரது செயல் வீரமா, துரோகமா என்பதைப் பெரும்பாலும் போரின் முடிவே தீர்மானிக்கிறது. 1971 டிசம்பர் 10 அன்று குல்னா நகருக்கருகே ரூப்சா ஆற்றில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

கிழக்குப் பாகிஸ்தானில் மார்ச் மாதம் உள்நாட்டுப் போராக வெடித்த மோதல், டிசம்பரில் இந்திய - பாகிஸ்தான் போராக விரிந்தது. இந்தியக் கடற்படையின் கிழக்குப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். கொல்கத்தாத் துறைமுகத்தின் இழுவைப் படகுகள் இரண்டு பீரங்கி பொருத்தப்பெற்று, 'பத்மா', 'பலாஷ்' என்னும் பெயர்களில் முக்திவாகினியின் போர்ப்படகுகளாயின. இந்தியக் கடற்படையினரும் வங்காள மாலுமிகளும் அவற்றில் இணைந்து பணியாற்றினர். இந்தியாவின் 'பன்வேல்' படகும் உடன்செல்ல, இவை கமாண்டர் சமந்த் தலைமையில் குல்னாவை நெருங்கின. பகைவர் படகுகள் எனப் பிழையாகக் கருதி இந்திய விமானப்படை விமானங்களே இவற்றைத் தாக்கின. பத்மாவும் பலாஷும் அழிந்தன.

பலாஷின் இயந்திர அறைப் பொறுப்பாளர் நவகாளியைச் சேர்ந்த முகமது ரூஹுல் அமீன். 1953இல் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்த அவர், 1971இல் அப்பணியைத் துறந்து திரிபுராவிற்குச் சென்றவர். படகைக் கைவிடுமாறு ஆணை பிறந்த பின்னும் இயந்திர அறையைக் காக்க முயன்றார், அன்றே உயிரிழந்தார். வங்காளதேச அரசு 1973இல் தன் மிக உயர்ந்த படைவிருதான 'பீர் சிரேஷ்டோ'வை அவருக்கு வழங்கியது. அதைப் பெற்றோர் எழுவரே. பாகிஸ்தானின் படைச்சட்டப்படியோ அவர் பணியை விட்டு ஓடியவர்.

அதே நிகழ்வில் காயமுற்ற இந்திய மாலுமி சிமன் சிங், நீரில் தத்தளித்தவர்களைக் கரைசேர்த்தார். பின்னர்ப் பகைவரின் துப்பாக்கிச் சூட்டைத் தம்மீது ஈர்த்துத் தோழர் இருவர் தப்ப வழிசெய்து, தாம் சிறைப்பட்டார். வங்காளதேசம் விடுதலை பெற்றபின் மீட்கப்பட்ட அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அவர் பணியாற்றியது தாம் உறுதிமொழி ஏற்ற அரசுக்கே; ஆதலின் அவ்விருதின் தகுதி போரின் முடிவைச் சார்ந்திருக்கவில்லை. ரூஹுல் அமீனை வீரரென ஏற்க ஒரு புதிய நாடே பிறக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று கராச்சியில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. பயிற்சி விமானமொன்றை இந்தியாவிற்குக் கடத்த முயன்ற மதியுர் ரஹ்மானும், அதைத் தடுக்க முனைந்த ரஷீத் மின்ஹாஸும் ஒருங்கே மாண்டனர். முன்னவருக்கு வங்காளதேசமும் பின்னவருக்குப் பாகிஸ்தானும் தத்தம் மிக உயர்ந்த விருதுகளை அளித்தன. மதியுரின் உடல் எச்சம் கராச்சியிலிருந்து தாயகம் திரும்ப 2006 வரை காத்திருந்தது. ரூஹுல் அமீனின் கல்லறை ரூப்சா ஆற்றங்கரையிலேயே உள்ளது.